எட்டின் இடுப்பு

போன மாதம் எங்கள் சங்கத்தின் புதுச் செயலாளர் தொலைபேசியில் பேசினார். இனிமேல் போட்டி மண்டபத்தின் நான்கு மூலையிலும் கமெரா பூட்டப் போகிறார்களாம். நடுவர்கள் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதுமாம். சந்தேகம் வந்தால் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கலாமாம். நல்லது. எங்கள் காலத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் யாருடைய சொந்தக்காரர் என்றுதான் பார்ப்போம்.

"மிஸ், ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. இளம் நடுவர்களுக்கு ஊக்கமா இருக்கணும்" என்றார்.

"நடந்தத எழுதுறேன் தம்பி. அதுல ஊக்கம் கெடந்தா எடுத்துக்கங்க."

"கொஞ்சம் நல்ல மாதிரியே எழுதுங்க மிஸ்."

நல்ல மாதிரியே எழுதுகிறேன்.

பதுளையில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'சில்லு மிஸ்' என்றால் தபால்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார். தொலைக்காட்சியில் பனிக்கட்டி மேல் சறுக்கி, துள்ளி, பம்பரமாகச் சுற்றுகிறார்களே, அதே ஆட்டம்தான் எங்களுடையதும். எங்களுக்குப் பனி கிடைக்கவில்லை. சிமெந்துத் தரையும், நான்கு சின்னச் சக்கரம், எங்கள் பேச்சில் சில்லு, பூட்டிய சப்பாத்தும் கிடைத்தன. பனியில் விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகலாம். சிமெந்து விழுந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் பழகியது நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்தின் துரைமார் கிளப்பில். அப்பா அங்கே காவல். வெள்ளைக்காரத் துரைமார் நாட்டை விட்டுப் போனபோது பில்லியர்ட்ஸ் மேசையைக் கொண்டுபோனார்கள், நாயைக் கூடக் கொண்டுபோனார்கள். அலுமாரி நிறையச் சில்லுச் சப்பாத்துகளை மட்டும் விட்டுவிட்டார்கள். எல்லாம் துரை கால் அளவு. முன்னால் பழந்துணியை அடைத்து, வாரை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, கிளப்பின் பலகைத் தரையில் ஆறு வருஷம் விழுந்து எழும்பினேன். பிறகு வந்த துரையின் மனைவி கொழும்பில் இந்த ஆட்டம் ஆடியவர். ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று சப்பாத்தோடு ஓடினேன். "ஓடுறதே நல்லாத்தான் இருக்கு" என்று சிங்களத்தில் சொன்னாராம். அதுதான் என் தெரிவுப் பரீட்சை.

அவரே கூட்டிப்போக, கொழும்புப் போட்டிகளில் நான்கு வருஷம் ஆடினேன். மூன்று முறை இரண்டாம் இடம். ஒரு நடுவர் என் முதுகைத் தட்டி, தோட்டத்துப் பிள்ளைக்கு இது தாராளம் என்றார். நாலாவது முறை முதலாம் இடம் வந்தேன். இந்தியாவில் நடக்கும் போட்டிக்கு என்னைத் தெரிவு செய்தார்கள். கடவுச்சீட்டு எடுக்கப் போனேன். கந்தோரில் இருந்தவர் என் கடதாசிகளைப் புரட்டிவிட்டு, எந்த நாடு என்று கேட்டார். நமுனுகுல என்றேன். அது நாடு இல்லையாம். அப்பா பிறந்ததும் அங்கேதான் என்றேன். அதனால் ஒன்றும் ஆகாதாம். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேருக்கு அப்போது குடியுரிமை இல்லை. நாட்டுக்காக ஆட என்னைத் தெரிவு செய்த நாடு, நான் அதன் ஆள் இல்லை என்று எழுதியும் தந்தது. இரண்டாம் இடம் வந்தவள் போனாள். திரும்பி வந்து எனக்கு ஒரு கண்ணாடி வளையல் பெட்டி தந்தாள். நல்ல பிள்ளை.

பிறகு குடியுரிமை வந்தது. அது வந்தபோது என் முழங்கால் போயிருந்தது. ஆசிரியர் நியமனம் கிடைத்து பதுளையில் ஒரு பாடசாலைக்கு உடற்பயிற்சி மிஸ் ஆனேன். பிள்ளைகளைப் பழக்கினேன். நடுவராக வா என்று கூப்பிட்டவர் ஹமீட் சேர்.

ஹமீட் சேர் பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்தவர். இளமையில் ஆடியவர். மாகாணத்துக்கு அவர்தான் தலைமை நடுவர். என்னைக் கடைக்கு வரச் சொன்னார். தையல்காரர் வைத்திருக்கும் நீலச் சோக்குக் கட்டியை எடுத்துத் தரையில் இரண்டு வட்டம் கீறினார். கடைக்கு வந்த பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

"எது சரியான வட்டம், புள்ள?"

"ரெண்டும் இல்ல சேர்."

"எனக்கு முன்னால சொல்றியே, பயம் இல்லயா?"

"வட்டம் கோணலா இருக்கே சேர்."

"சரி. அடுத்த சனிக்கிழமை வா."

அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. நடுவர்கள் பென்சிலோடு வரவேண்டும், அழிறப்பர் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தவரின் அழிறப்பரை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், திருப்பித் தரமாட்டார். ஒரு பிள்ளை ஆடி முடித்ததும் நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. "மூஞ்சிய பாத்தா மார்க்கு மாறும்" என்பார். தேநீர் இடைவேளையில் பெற்றோர் தரும் வடையைத் தின்னக் கூடாது. வடை யாருடையது என்று தெரியாவிட்டால் அறவே தின்னக் கூடாது. அவர் தன் வீட்டிலிருந்து மாரி பிஸ்கட் கொண்டுவருவார், ஆளுக்கு இரண்டு. இந்தச் சேவையில் நான் அடைந்த ஆதாயம் அந்தப் பிஸ்கட்டுகள்தான்.

ஆட்டத்தில் இரண்டு பகுதி. பாட்டுக்கு ஆடுவது ஒன்று. அதைப் பார்க்கத்தான் சனம் வரும். மற்றது வட்டம். தரையில் இரண்டு பெரிய வட்டங்களை ஒட்டினாற்போல, எட்டு மாதிரிக் கீறியிருக்கும். பிள்ளை ஒற்றைக் காலில் கோட்டின் மேலேயே ஒரு வட்டம் போய், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கால் மாறி, மற்றக் காலில் அடுத்த வட்டம் போகவேண்டும். அந்தச் சந்திப்பை நாங்கள் இடுப்பு என்போம். வட்டம் முழுக்க அழகாக வந்தவள் இடுப்பில்தான் தடுமாறுவாள். தூக்கிய கால் தரையில் பட்டால் அந்த எட்டுக்குப் பாதி மார்க் போய்விடும். பட்டதா என்று சண்டை வராமல் இருக்க, ஹமீட் சேர் கோட்டின் மேல் வெண்கட்டித் தூளை மெலிதாகத் தூவுவார். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் தும்புத்தடியால் கூட்டி, புதிதாகத் தூவுவார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை. எழுபது வயதில் குனிந்து குனிந்து தானே செய்வார்.

இனி, செயலாளர் தம்பி கேட்ட ஊக்கம்.

என்னிடம் பழகிய பிள்ளைகளில் தர்ஷினி மாதிரி ஒருத்தி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலைக்குக் காவல். எங்கள் பாடசாலை விடுதியில் தங்கிப் படித்தாள். பதினைந்து வயதில் அவள் கால் மாறும்போது சில்லுச் சத்தமே மாறாது. கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் காலில் போகிறாள் என்று சொல்ல முடியாது.

அந்த வருஷம் மாகாண இறுதிப் போட்டி எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. முதலாவதாக வருபவளுக்குத் தேசிய அணியில் இடம், இந்தியப் பயணம். தர்ஷினிக்குப் போட்டியாக ஒருத்திதான். அவள் அப்பா மாகாணத்தில் பெரிய நாற்காலியில் இருந்தவர். எந்த நாற்காலி என்று சொல்லமாட்டேன், அவர் இன்னும் எங்கேயோ ஒன்றில் இருக்கிறார். பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்று நடுவர்களில் ஒருவர் மொனராகலையிலிருந்து வரவேண்டும். அவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. மாற்று ஆள் நான் ஒருத்திதான். ஆனால் என் மாணவி ஆடும்போது நான் நடுவராக இருக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளின் தரப்பு சம்மதித்தால் மட்டும் இருக்கலாம். ஹமீட் சேர் ஒவ்வொருவராகக் கேட்டார். பெரியவர் எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, மிஸ்ஸின் நேர்மை மேல் தனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்றார். அவர் கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் தர்ஷினிக்குக் கூட்டிப் போட்டால் அதை வைத்தே முடிவைக் கிழித்துப் போடலாம். குறைத்துப் போட்டால் இன்னும் நல்லது.

எனக்குக் கிடைத்த இடம் எட்டின் இடுப்புக்கு நேரே.

தர்ஷினி வந்தாள். முதல் வட்டம் தண்ணீர் ஓடுவது போல வந்தது. இடுப்பில் கால் மாறினாள். மாறும்போது தூக்கிய வலது காலின் முன்சில்லு தரையைத் தொட்டது. ஊன்றவில்லை, தொட்டது. தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற அளவுதான். அந்த நொடியில் அவள் முதுகு மற்ற இரண்டு நடுவர்களுக்கும் திரும்பியிருந்தது. இரண்டாவது வட்டத்தையும் முடித்துக் கைகட்டி நின்றாள். மண்டபம் கைதட்டியது.

என் பென்சில் கையில் இருந்தது. கடவுச்சீட்டுக் கந்தோர் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. எனக்கு வந்த யோசனை ஒன்றுதான். யாரும் பார்க்கவில்லை. ஒன்பது என்று எழுது, வீட்டுக்குப் போ.

நாலரை என்று எழுதினேன்.

மற்ற இருவரும் ஒன்பது. இவ்வளவு வித்தியாசம் வந்தால் தலைமை நடுவர் வந்து கேட்கவேண்டும். ஹமீட் சேர் என் மேசைக்கு வந்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கால் பட்டத கண்டியா?"

"கண்டேன் சேர்."

"மத்த ரெண்டு பேரும் காணல்ல."

"அவங்க இருக்கிற எடத்துல இருந்து காண ஏலாது."

அவர் போய் இடுப்பில் குனிந்தார். முழங்கால் நெரியும் சத்தம் எனக்குக் கேட்டது. வெண்கட்டித் தூளில் விரல் நக அளவு ஒரு கீறல். எழும்பி வந்தார்.

"ஒன் புள்ளதானே?"

"ஆமா சேர்."

"அப்ப நீ பொய் சொல்றதுக்கு ஒரு காரணமும் இல்ல" என்று தாளை மடித்துக்கொண்டு போனார்.

என் நாலரையையும் சேர்த்து மார்க்கை அறிவித்ததும் மண்டபத்தில் கூச்சல். தர்ஷினியின் அப்பா கடைசி வரிசையில் எழும்பி நின்றார். அவர் சத்தம் போடவில்லை. "நம்மாளுன்னு நெனச்சோம் மிஸ்" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டவர்களை எல்லாம் மறந்துவிட்டேன்.

இடைவேளையில் பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்த மாகாணத்துக்கு உங்கள மாதிரி ஆளுங்கதான் மிஸ் தேவை. சொந்தப் புள்ளன்னும் பார்க்கல்ல பாருங்க!"

வாழ்க்கையில் என் நேர்மையை ஒருவர் மேடையேற்றிப் பேசியது அந்த ஒரு முறைதான். அது பத்து நிமிஷம் நீடித்தது. ஏனென்றால் அடுத்து வந்தது அவர் மகள். அதே இடுப்பு, அதே இடம், அவள் முதுகும் மற்ற இருவருக்கும்தான். அவள் கால் தொடவில்லை, நன்றாக ஊன்றியது. நான் மறுபடியும் நாலரை எழுதினேன். ஹமீட் சேர் மறுபடியும் வந்தார், குனிந்தார், எழும்பினார். இந்த முறை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாரி பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலாவதாக வந்தது பண்டாரவளைப் பிள்ளை ஒருத்தி. வாசல் கூட்டுகிற மாதிரி ஆடினாள். ஒரு துள்ளல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, ஒரு பிழையும் இல்லை. அவள் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. இந்தியாவுக்குப் போனாள்.

மூன்று வாரத்துக்குள் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, புதியவர்களுக்கு இடமளிக்கும் நோக்கில் நடுவர் குழுவிலிருந்து எனக்கு ஓய்வு என்றது. எனக்குப் பதிலாக வந்த புதியவர் என்னை விட எட்டு வயது மூத்தவர். இரண்டாவது, சேவையின் தேவை கருதி என்னை மடுல்சீமைக்கு இடமாற்றியது. அந்தச் சேவைக்கு அப்படி ஒரு தேவை இருப்பது அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடிதம் அனுப்பியவர்களுக்குத் தெரியாத இன்னொன்று இருந்தது. போட்டி முடிந்த கிழமையே தர்ஷினியை விடுதியிலிருந்து அவள் அப்பா கூட்டிக்கொண்டு போய், அதே மடுல்சீமைப் பாடசாலையில் சேர்த்திருந்தார்.

பதுளை பஸ் நிலையத்துக்கு ஹமீட் சேர் வந்தார். கையில் ஒரு கம்பளிப் போர்வை.

"அனுதாபம் சொல்ல வரல்ல, புள்ள. கடையில விக்காத சாமான். அங்க குளிரும்."

"நீங்க இருக்கிறீங்கதானே சேர், குழுவ பார்த்துக்கங்க."

"நான் போன கிழமையே பென்சில குடுத்துட்டேன்" என்றார். ஏதோ குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவர் போலச் சொன்னார். பஸ் கிளம்பும் வரை மழையைப் பற்றியே பேசினோம். அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டிக்கும் போகவில்லை.

மடுல்சீமையில் தர்ஷினி என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஐந்து மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். நானும் போய்ப் பேசவில்லை. எதைச் சொல்லிப் பேசுவது? ஒரு நாள் பாடசாலை விட்டு, மழைக்கு இருவரும் ஒரே தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். லயத்து வீடுகள் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், நெசமாவே என் கால் பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"எனக்குத் தெரியும்" என்றாள். "படும்போதே தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சுக்கிட்டாடி அஞ்சு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சிருந்த?"

"நீங்க வந்து, படல, தெரியாம போட்டுட்டேன்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன் மிஸ். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்களும் சொல்லிட்டா நான் யாருகிட்ட கேக்குறது?"

மழை விட்டதும், சில்லுச் சப்பாத்து இன்னும் அளவா என்று கேட்டேன். கொஞ்சம் கடிக்குது என்றாள்.

பாடசாலையில் மண்டபம் கிடையாது. மூடிப்போன தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாடப்போட்ட தட்டுகளைக் கழற்றி விற்றுவிட்டிருந்தார்கள். நீளமான பலகைத் தரை சும்மா கிடந்தது. சாவி அவள் அப்பாவிடம். அவர் என் கையில் தரமாட்டார். ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். ஒரு வருஷம் அப்படியே வைத்தார், ஒரு நாளும் தவறவில்லை. நாங்கள் எட்டைக் கீறி, இடுப்பில் மட்டும் நானூறு ஐந்நூறு முறை கால் மாறினோம். மாறினோம் என்ன, அவள் மாறினாள், நான் திட்டினேன்.

அடுத்த வருஷ இறுதிப் போட்டிக்குப் பதுளைக்குப் போனோம். பெரியவரின் மகள் அந்த வருஷம் இல்லை, நீச்சலுக்கு மாறிவிட்டாளாம். நீச்சல் நடுவர்களுக்காகப் பிரார்த்தித்தேன். நான் இப்போது நடுவர் இல்லை, அதனால் பார்வையாளர் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் இடம் தந்தார்கள். வெண்கட்டித் தூள் இல்லை. புது நடுவர்கள் நால்வர், ஆளுக்கொரு மெத்தை நாற்காலி.

தர்ஷினி வட்டம் வந்தாள். நான் பழக்கியவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு எட்டை அந்த மண்டபம் பார்த்திருக்காது. முடித்துக் கைகட்டி நின்றாள். நடுவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அப்போது அவள் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவாளே, அதே மாதிரி.

"சேர், கால் பட்டுச்சு."

நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆடியவளே வந்து பிழையைச் சொன்னால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் தேடினார்கள். இல்லை. அதை எழுதியவர்கள் அப்படி ஒரு ஆளை எதிர்பார்க்கவில்லை. கடைசியில் நாலு பேரும் பாதி மார்க்கை வெட்டினார்கள்.

வாழ்நாள் முழுக்க நேர்மை நேர்மை என்று பிள்ளைகளின் காதைத் தின்றவள், தூணுக்குப் பின்னால் எழும்பி நின்று, தலையில் கைவைத்து, மண்டபத்துக்கே கேட்கும்படி கத்தினேன்: "ஏண்டி வாயத் தொறந்த!"

பக்கத்தில் இருந்த அவள் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினார். "இருங்க மிஸ், உக்காருங்க" என்றார்.

தர்ஷினி மூன்றாவதாக வந்தாள். மடுல்சீமை பஸ்ஸில் நானும் அவளும் ஒரு இருக்கை, அவள் அப்பா முன்னால். பஸ் பசறை தாண்டியது. அவள் கடலை வடை ஒன்றைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"கோவமா மிஸ்?"

"இல்ல."

"நீங்க எப்படியும் பாத்திருப்பீங்க. அதான் நானே சொல்லிட்டேன்."

"நான் பார்க்கலடி."

வடை வாயிலேயே நின்றது. "நெசமாவா?"

"நெசமா. தூணுக்குப் பின்னால இருந்தேன். ஒரு மண்ணும் தெரியல்ல."

"அப்ப யாருமே பார்க்கலயா?"

"ஒருத்தரும் பார்க்கல."

அவள் வெளியே பார்த்தாள். பஸ் ஒரு முடக்கில் திரும்பி, கீழே தேயிலை மலை முழுவதும் தெரிந்தது. பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த அப்பாவின் தோளைத் தட்டி, "அப்பா, மிஸ் பார்க்கவே இல்லையாம்!" என்றாள்.

அவர் திரும்பவில்லை. ஆனால் அவர் தோளும் குலுங்கியது. அடுத்த தோட்டத்து இறக்கம் வருமுன் மூன்று பேரும், கண்ணில் தண்ணீர் வரும் வரை, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துக்கொண்டிருந்தோம்.